ஆல்ப்ஸ்ல ஒரு சீசன் வேலை: சாப்பாடு ஃப்ரீ, ரூம் ஃப்ரீ, டேக்ஸ்?



கடந்த ரெண்டு மாசமா நம்ம சேனலுக்கு ஒரே மாதிரி கேள்வி நிறைய வருது. "சார், பிரான்ஸ்ல பனிமலை விடுதியில குளிர்கால சீசன் வேலை. டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். தங்குமிடம், சாப்பாடு, ஸ்கீ பாஸ் எல்லாம் ஃப்ரீ. சம்பளம் யூரோவுல. என்.ஆர்.ஐ. ஆகிடுவேன், டேக்ஸும் கிடையாதுன்னு சொல்றாங்க. வேலையை விட்டுட்டுப் போகலாமா?"

ரீல்ஸ்ல பார்த்தா யாருக்கும் ஆசை வரும். காலையில பனி, மத்தியானம் சறுக்கு, சாயங்காலம் வேலை. போகாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்லை. ஆனா அந்தக் கேள்வியில இருக்கிற கடைசி வரி தப்பு. அஞ்சு மாச குளிர்கால சீசனுக்குப் போறவர் என்.ஆர்.ஐ. ஆக மாட்டார். இந்த ஒரு விஷயம் தெரியாம ராஜினாமா மெயில் அனுப்பினா, மொத்தக் கணக்கும் தலைகீழாப் போயிடும். எப்படின்னு ஒவ்வொன்னா பார்ப்போம்.

முதல்ல, இது என்ன வேலை?

ஷாலேன்னா ஆல்ப்ஸ் மலைப்பகுதியில இருக்கிற மரவீடு. அதை வாரக் கணக்குல வாடகைக்கு விடுவாங்க. அங்க வர்ற விருந்தினர்களைக் கவனிக்கிறவர்தான் ஷாலே ஹோஸ்ட். காலையில டிபன் செய்யணும், படுக்கை மாத்தணும், பாத்ரூம் கழுவணும், சாயங்காலம் டீயும் கேக்கும் வைக்கணும், ராத்திரி மூணு வகை சாப்பாடு பரிமாறணும், பாத்திரம் தேய்க்கணும். வாரத்துக்கு ஆறு நாள் வேலைங்கிறது சகஜம். நடுவுல கிடைக்கிற பகல் நேரம்தான் ரீல்ஸ்ல நீங்க பார்க்கிறது.

பல வருஷமா இந்த வேலைக்கு அதிகமா போனது பிரிட்டிஷ் இளைஞர்கள். படிப்பு முடிச்சதும் ஒரு சீசன் போயிட்டு வர்றது அங்க ஒரு வழக்கம். பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளிய வந்ததும், 2021 ஜனவரி 1-லிருந்து அவங்களுக்கே கதவு இறுகிடுச்சு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவரும் விசா இல்லாம 180 நாள்ல 90 நாள்தான் தங்கலாம். வேலை பார்க்க தனி அனுமதி வேணும். லண்டன் பையனுக்கே இந்த நிலைமைன்னா, "டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்"னு உங்ககிட்ட சொல்ற ஏஜென்ட் எதை விக்கிறார்னு யோசிச்சுப் பாருங்க.

நேர்மையான வழி ஒன்னு இருக்கு. வேலை கொடுக்கிற நிறுவனம் முதல்ல பிரான்ஸ்ல உங்களுக்கான வேலை அனுமதியை வாங்கணும். அதுக்கப்புறம்தான் உங்களுக்கு விசா. ஐரோப்பிய யூனியன்ல வெளிநாட்டு சீசன் தொழிலாளர்களுக்குன்னே 2014-ல ஒரு விதி போட்டிருக்காங்க. நிறுவனம் தங்குமிடம் கொடுத்தா வாடகை சம்பளத்தை ஒப்பிட்டா அதிகமா இருக்கக் கூடாது, அதை சம்பளத்துல தானா பிடிக்கவும் கூடாதுன்னு அதுல இருக்கு. ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இதைப் பாருங்க. சில ஒப்பந்தத்துல ரூம், சாப்பாட்டோட மதிப்பை சம்பளத்துக்குள்ளேயே சேர்த்துக் காட்டி, பிறகு கழிப்பாங்க. அப்ப "ஃப்ரீ"ங்கிற வார்த்தைக்கே அர்த்தம் மாறிடும்.

வடசென்னைக்கு ஏற்கனவே தெரிஞ்ச கணக்கு

எங்க ஆபீஸ் யானைக்கவுனியில. ஒரு பக்கம் சௌகார்பேட்டை அடகுக்கடைகள், இன்னொரு பக்கம் வால்டாக்ஸ் ரோடு. இங்கிருந்து பைக்ல கிளம்பினா கொஞ்ச நேரத்துல துறைமுகம் வந்துடும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்னு வடக்கே போகப் போக, கப்பல் வேலைக்குப் போறவங்க இருக்கிற குடும்பங்களைப் பார்க்கலாம். அதுல பயணிகள் சொகுசுக் கப்பல்ல வெயிட்டரா, சமையல் உதவியாளரா, ரூம் கவனிக்கிறவரா போறவங்களும் உண்டு.

யோசிச்சா, ஷாலே வேலையும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்னுதான். ஒரு இடத்துல மலை, ஒரு இடத்துல கடல். ரெண்டுலயும் விருந்தினரைக் கவனிக்கிற வேலை, ரெண்டுலயும் ரூமும் சாப்பாடும் நிறுவனத்தோடது, ரெண்டுமே மாசக் கணக்குல ஒப்பந்தம்.

ஆனா கப்பலுக்குப் போற அண்ணன்கள்கிட்ட ஒரு பழக்கம் இருக்கு. சம்பளம் எவ்வளவுன்னு கேட்குற அதே மூச்சுல "ஜாயினிங் எப்போ, சைன் ஆஃப் எப்போ"ன்னு கேட்பாங்க. நாளை எண்ணுவாங்க. ஸ்கீ சீசனுக்குப் போறவங்க எண்ண மறக்கிறது அதைத்தான்.

182 நாள் விதி, எளிமையா

நம்ம நிதியாண்டு ஏப்ரல் 1-ல ஆரம்பிச்சு மார்ச் 31-ல முடியும். வேலைக்காக வெளிநாடு போற இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டுல இந்தியாவுக்குள்ள 182 நாளோ அதுக்கு மேலயோ இருந்தா, வருமான வரிச் சட்டப்படி ரெசிடென்ட். நம்ம மாதிரி இங்கேயே பிறந்து வளர்ந்து வேலை பார்க்கிறவர் ரெசிடென்ட்னா, உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் இங்க கணக்குக் காட்டணும். 181 நாளோ அதுக்குக் குறைவாவோ இருந்தா நான்-ரெசிடென்ட். அப்ப வெளிநாட்டுல உழைச்சு வெளிநாட்டுல வாங்கின சம்பளத்துக்கு இங்க வரி இல்லை.

365 நாள்ல 181-ஐக் கழிச்சா 184. அத்தனை நாள் முழுசா வெளிய இருக்கணும். கிளம்புற நாள், வந்து இறங்குற நாள் ரெண்டையும் இந்தியாவுல இருந்ததாவே எண்ணிக்குங்க, அதுதான் பாதுகாப்பு.

இப்ப ரெண்டு பேரை எடுத்துக்குவோம். ரெண்டு பேருக்கும் அதே கப்பல், அதே சம்பளம், அதே எட்டு மாச ஒப்பந்தம்.

முதல் ஆள் 2025 ஏப்ரல் 20-ல கிளம்பி டிசம்பர் 15-ல வர்றார். இந்தியாவுல இருந்த நாள் 127. அந்த வருஷத்துக்கு அவர் நான்-ரெசிடென்ட். கப்பல் சம்பளத்துக்கு இங்க வரி பூஜ்யம்.

ரெண்டாவது ஆள் 2025 டிசம்பர் 1-ல கிளம்பி 2026 ஜூலை 27-ல வர்றார். 2025-26-ல இந்தியாவுல இருந்தது 245 நாள். 2026-27-ல, திரும்பி வந்தப்புறம் இங்கேயே இருந்தா 248 நாள். ரெண்டு வருஷத்துலயும் ரெசிடென்ட். மொத்தச் சம்பளமும் இங்க வரிக் கணக்குக்குள்ள வரும்.

உழைப்பு ஒன்னு, டாலர் ஒன்னு. மார்ச் 31 நடுவுல விழுந்ததுதான் வித்தியாசம்.

இப்ப ஸ்கீ சீசனைப் பாருங்க. டிசம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரல்ல முடியும். மார்ச் 31 சரியா அதுக்கு நடுவுல. டிசம்பர் 1-ல கிளம்பினா இந்த நிதியாண்டுல நீங்க வெளிய இருக்கிறது 120 நாள். அடுத்த நிதியாண்டுல ஏப்ரல் 20-ல வந்துட்டா வெறும் 19 நாள். எந்த வருஷமும் 184 பக்கத்துல கூட வராது. அக்டோபர்ல இருந்து மார்ச் 31 வரைக்கும் முழுசா வெளிய இருந்தாலும் 182 நாள்தான். குளிர்காலத்தை மட்டும் நம்பி என்.ஆர்.ஐ. ஆகணும்னா செப்டம்பர் 28-க்குள்ள விமானம் ஏறி, ஏப்ரல் வரைக்கும் திரும்பாம இருக்கணும்.

"சார், டிரீட்டியில 183 நாள் விதி இருக்கே?"ன்னு சிலர் கேட்குறாங்க. அது வேற. இந்தியாவுல குடியிருக்கிறவர் கொஞ்ச நாள் பிரான்ஸ்ல வேலை பார்த்தா பிரான்ஸ் வரி போடலாமாங்கிறதுக்கான விதி அது. உங்க முதலாளி பிரான்ஸ் நிறுவனமா இருந்தா, 183 நாளுக்குக் குறைவா இருந்தாலும் அங்க வரி போட உரிமை உண்டு. இந்தியாவுல வரி இல்லைன்னு அந்த விதி எங்கேயும் சொல்லலை.

2026 ஏப்ரல் 1-லிருந்து புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வருது. நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டுங்கிற பேர் போய் "வரி ஆண்டு" வரும். ஆனா இந்த 182 நாள் கணக்கு அப்படியேதான் இருக்கு.

சரி, எவ்வளவு வரி வரும்?

எங்க ஏரியா வால்டாக்ஸ் ரோட்டுக்கு அந்தப் பேர் வந்ததே ஒரு வரியாலதான். பதினெட்டாம் நூற்றாண்டுல ஊரைச் சுத்தி மதில் கட்டின வெள்ளைக்காரங்க, அதுக்கு மக்கள்கிட்ட வரி வாங்க நினைச்சாங்க. வசூல் நடக்கலை, பேர் மட்டும் நின்னுடுச்சு. உங்க ஸ்கீ சம்பளத்துக்கான வரி அப்படி விட்டுப் போகாது.

ஒரு உதாரணம். உங்க சம்பளம் மாசம் ₹80,000. வருஷம் முழுக்க இங்கேயே இருந்தா ₹9,60,000. புதிய முறையில நிலையான கழிவு ₹75,000 போக ₹8,85,000. ₹12 லட்சம் வரைக்கும் ரிபேட் இருக்கிறதால வரி பூஜ்யம்.

இப்ப நவம்பர் 30 வரைக்கும் வேலை பார்த்துட்டு கிளம்புறீங்க. எட்டு மாசத்துக்கு ₹6,40,000. பிரான்ஸ்ல சட்டப்படியான குறைந்தபட்ச சம்பளம் 2025-ல, வாரம் 35 மணி நேர வேலைக்கு, மாசம் 1,801.80 யூரோ. பிடித்தம் போக கைக்கு சுமார் 1,426 யூரோ. கணக்கு சுலபமா இருக்க ஒரு யூரோவை ₹100-ன்னும், மொத்தச் சம்பளத்தை 1,800 யூரோன்னும் வச்சுக்குவோம். (ரிட்டர்ன்ல போடும்போது, முந்தைய மாசக் கடைசி நாள் ஸ்டேட் பேங்க் டி.டி. வாங்கும் விலையைத்தான் எடுக்கணும்.) டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நாலு மாசத்துக்கு ₹7,20,000.

மொத்தம் ₹13,60,000. கழிவு போக ₹12,85,000. ₹12 லட்சத்தைத் தாண்டியாச்சு, ரிபேட் போச்சு. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு ₹20,000, அதுக்கடுத்த 4 லட்சத்துக்கு ₹40,000, மீதி ₹85,000-க்கு 15% அதாவது ₹12,750. கூட்டினா ₹72,750. செஸ் 4% சேர்த்து ₹75,660.

ஃப்ரீ தங்குமிடமும் சட்டப்படி சம்பளத்தோட ஒரு சலுகைதான். அதோட மதிப்பை இங்க நான் சேர்க்கலை. சேர்த்தா இன்னும் கொஞ்சம் கூடும்.

"பிரான்ஸ்ல தான் பிடிச்சாங்களே, அதைக் கழிச்சுக்கலாம்ல?" பாதி சரி. அங்க வருமான வரியா கட்டினதுக்குத்தான் இங்க கிரெடிட் உண்டு. அதுக்கு படிவம் 67 தாக்கல் பண்ணணும், கட்டின ஆதாரம் வேணும். ஆனா குறைந்தபட்ச சம்பளக்காரருக்கு அங்க பிடிக்கிறதுல பெரும்பகுதி சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு. அது வருமான வரி கிடையாது. அதனால கிரெடிட்டும் கிடையாது.

இன்னொரு சிக்கல். உங்க பழைய கம்பெனிக்கு ₹6,40,000 மட்டும்தான் தெரியும். அவங்க டி.டி.எஸ். பிடிக்க மாட்டாங்க. பிரான்ஸ் நிறுவனமும் இந்திய வரி பிடிக்காது. அப்ப அட்வான்ஸ் டேக்ஸ் கட்டுற பொறுப்பு உங்க தலையில. டிசம்பர் 15-க்குள்ள 75%, மார்ச் 15-க்குள்ள முழுசும். விட்டா மாசத்துக்கு 1% வட்டி ஓடும். மலை மேல உட்கார்ந்துட்டு மார்ச் 15 யாருக்கு ஞாபகம் வரும்? இப்பவே போன்ல அலாரம் வச்சுக்குங்க.

வங்கிக் கணக்கு: ₹10 லட்சம் அபராத விஷயம்

பிரான்ஸ்ல சம்பளம் வாங்க அங்க ஒரு வங்கிக் கணக்கோ, யூரோ ஆப் கணக்கோ திறப்பீங்க. நீங்க ரெசிடென்ட்டா இருந்தா அந்தக் கணக்கை ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில காட்டியே ஆகணும். ஐ.டி.ஆர்-1 போட முடியாது, ஐ.டி.ஆர்-2 போடணும்.

காட்டாம விட்டா கருப்புப் பணச் சட்டத்துல ₹10 லட்சம் அபராதத்துக்கு இடம் இருக்கு. 2024 அக்டோபர் 1-லிருந்து, அசையாச் சொத்து தவிர மத்ததோட மொத்த மதிப்பு ₹20 லட்சத்தைத் தாண்டலைன்னா இந்த அபராதம் இல்லைன்னு தளர்த்தியிருக்காங்க. அதனால சீசன் வேலைக்காரருக்கு பயம் குறைஞ்சிருக்கு. காட்ட வேண்டிய கடமை குறையலை. நாடுகளுக்கிடையே கணக்குத் தகவல் தானாவே போய் வருது. 2024 நவம்பர்ல வருமான வரித்துறை இதை வச்சுத்தான் பலருக்கு எஸ்.எம்.எஸ்., மெயில் அனுப்புச்சு.

ஒரு நுணுக்கம்: இந்த அட்டவணை மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமான காலண்டர் வருஷக் கணக்கு. 2025 டிசம்பர்ல கணக்கு திறந்தா 2026 ஜூலையில போடுற ரிட்டர்ன்லயே காட்டணும். 2026 ஜனவரியில திறந்தா அதுக்கு அடுத்த ரிட்டர்ன்ல. ஆனா சம்பளம் ரெண்டு சந்தர்ப்பத்துலயும் இந்த ரிட்டர்ன்லயே வரும்.

அதே மாதிரி, வங்கிக்காரர் "நீங்க என்.ஆர்.ஐ., என்.ஆர்.இ. கணக்கு திறங்க"ன்னு சொன்னா குழம்பாதீங்க. வங்கி பார்க்கிறது அந்நியச் செலாவணிச் சட்டம். வேலைக்காக வெளிநாடு போனாலே அதுல நிலை மாறலாம். வரித்துறை பார்க்கிறது நாள் கணக்கு. ரெண்டும் ஒன்னு இல்லை.

முழுக் கணக்கு: போனா லாபமா?

அதே உதாரணத்தைத் தொடர்வோம். இதெல்லாம் நான் வச்ச அனுமானம். உங்க எண்ணைப் போட்டு நீங்க மாத்திப் பாருங்க.

வரவு: கைக்கு 1,426 யூரோ, நாலரை மாசம். ₹6,41,700.

செலவு:
- விமான டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் (நிறுவனம் தரலைன்னா): ₹70,000
- குளிர் உடை, பூட்ஸ்: ₹40,000
- அங்க கைச்செலவு மாசம் 300 யூரோ: ₹1,35,000
- வீட்டுக்கு அனுப்ப வேண்டியது மாசம் ₹15,000: ₹67,500
- இந்திய வரி: ₹75,660
- திரும்பி வந்து வேலை தேடுற ரெண்டு மாசம், மாசம் ₹45,000: ₹90,000

மொத்தச் செலவு ₹4,78,160. கையில மிச்சம் ₹1,63,540.

போகாம இருந்திருந்தா? மாசம் ₹29,000 சேமிக்கிறவர்னு வச்சுக்கிட்டா, அந்த ஆறரை மாசத்துல ₹1,88,500. ஆக, ஃப்ரீ ரூம், ஃப்ரீ சாப்பாடு, யூரோ சம்பளம் எல்லாம் இருந்தும் நீங்க ₹25,000 கிட்ட பின்தங்கியிருப்பீங்க.

இதுக்கு மேல ஏஜென்டுக்கு ₹3 லட்சம் கொடுத்திருந்தா? மைனஸ் ₹1,36,460. அந்த மூணு லட்சத்தையும் மூணு வட்டிக்கு வாங்கியிருந்தா மாசம் ₹9,000 வட்டி, அஞ்சு மாசத்துக்கு ₹45,000. அம்மா நகை அடகுக்கடையில, நீங்க ஆல்ப்ஸ்ல பாத்ரூம் கழுவிக்கிட்டு. இந்த நிலைமைக்குப் போகாதீங்க.

இப்ப அதே கணக்குல ஒன்னே ஒன்னை மாத்துவோம். ராஜினாமா பண்ணாம, கம்பெனியில அஞ்சு மாசம் சம்பளமில்லா விடுப்பு வாங்குறீங்க. வேலை தேடுற ரெண்டு மாசச் செலவு போயிடும். மிச்சம் ₹2,53,540. இங்கேயே இருந்திருந்தா நாலரை மாசத்துல ₹1,30,500. இப்ப ₹1,23,000 கிட்ட லாபம், அனுபவம் தனி. அதனால ஹெச்.ஆர்.கிட்ட முதல்ல கேட்க வேண்டியது விடுப்பு. ஒன்னு கவனம்: விடுப்புல இருக்கும்போது வேற இடத்துல வேலை பார்க்கக் கூடாதுன்னு உங்க நியமன ஒப்பந்தத்துல இருக்கலாம். எழுத்துல அனுமதி வாங்கிட்டுப் போங்க.

ராஜினாமாதான் வழின்னா இன்னும் மூணு விஷயம் பாருங்க. ஒன்னு, கம்பெனி மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோட முடியும். அதுல அப்பா, அம்மா இருந்தா, போறதுக்கு முன்னாடியே தனி பாலிசிக்கு மாத்தச் சொல்லி அதே காப்பீட்டு நிறுவனத்துல கேளுங்க. புதுசா எடுத்தா, ஏற்கனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். ரெண்டு, பணிக்கொடை. அஞ்சு வருஷம் முடிய சில மாசம்தான் பாக்கின்னா அடுத்த சீசன் போங்க. மூணு, இ.பி.எஃப். பணத்தை டிக்கெட்டுக்காக எடுக்காதீங்க. அஞ்சு வருஷ சேவை முடியாம எடுத்தா அதுக்கும் வரி.

நாள் கணக்கு சாதகமா இருக்கிற வழிகள்

பனியும் வேணும், நாள் கணக்கும் சரியா வரணும்னா தெற்கே பாருங்க. ஆஸ்திரேலியாவுல குளிர்காலம் ஜூன்ல இருந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும். பெரிஷர், த்ரெட்போ, மவுண்ட் புல்லர் எல்லாம் அங்க பெரிய ஸ்கீ இடங்கள். முழு சீசனும் நம்ம ஒரே நிதியாண்டுக்குள்ள அடங்கிடும். 2024-லிருந்து 18 முதல் 30 வயசு வரைக்குமான இந்தியர்களுக்கு வருஷம் 1,000 பேருக்கு குலுக்கல் முறையில வேலை-விடுமுறை விசா கொடுக்குறாங்க. 12 மாசம் தங்கலாம். மே மாசம் போய் டிசம்பர்ல வந்தா 184 நாள் தாண்டிடும்.

அங்கேயும் கழிவு உண்டு. இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலர்ல இருந்தே 15% வரி. முதலாளி உங்க பேர்ல 12% ஓய்வூதிய நிதி கட்டணும். ஆனா நாட்டை விட்டுக் கிளம்பும்போது அதை எடுத்தா 65% வரியாப் போயிடும். சம்பளம் பேசும்போது அந்த 12%-ஐ உங்க காசா நினைச்சு கணக்குப் போடாதீங்க.

இன்னொன்னு முக்கியம்: 182 நாள் சலுகை "வேலைக்காக" கிளம்பினவருக்குத்தான். சும்மா சுத்திப் பார்க்கப் போனவருக்கு 60 நாள் விதி வந்து நிக்கும். முந்தைய நாலு வருஷத்துல 365 நாள் இங்க இருந்தவர், இந்த வருஷம் 60 நாள் இருந்தாலே ரெசிடென்ட். அதனால வேலைக் கடிதத்தைக் கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கி, தேதியோட பத்திரமா வைங்க.

ரெண்டாவது வழி, கப்பல். பாஸ்போர்ட்டோட சி.டி.சி. எனும் கடலோடி சான்று, அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள், அங்கீகரிக்கப்பட்ட டாக்டர்கிட்ட மருத்துவச் சான்று எல்லாம் வேணும். நீங்க நான்-ரெசிடென்ட்டா இருந்து, வெளிநாடு போற கப்பல்ல வாங்கின சம்பளம் இங்க என்.ஆர்.இ. கணக்குல வந்து விழுந்தாலும், அந்த ஒரு காரணத்துக்காக வரி இல்லைன்னு மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 ஏப்ரல்ல சுற்றறிக்கையே போட்டிருக்கு. ஆனா இந்தியக் கரையோரமாவே ஓடுற கப்பல்னா அந்த நாட்கள் வெளிநாட்டு நாளா ஆகாது.

நான்-ரெசிடென்ட் ஆனா ஒரு சலுகை போகும். இந்தியாவுல இருக்கிற மத்த வருமானத்துக்கு அந்த ₹12 லட்சம் ரிபேட் கிடையாது. அது ரெசிடென்ட்டுக்கு மட்டும்.

ஏஜென்டை எப்படி சோதிக்கிறது?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜென்ட் பதிவு பண்ணியிருக்கணும். வெளியுறவு அமைச்சகத்தோட இ-மைக்ரேட் தளத்துல பேரைத் தேடிப் பாருங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் உங்ககிட்ட வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ₹30,000, அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. ஆக ₹35,400. ரசீது கட்டாயம்.

கப்பல் வேலைக்கு அனுப்புற நிறுவனத்துக்கு கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் கொடுக்கிற ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கணும். அவங்க வேலை வாங்கித் தர்றதுக்குன்னு உங்ககிட்ட பணமே வாங்கக் கூடாது. சந்தேகம்னா ராஜாஜி சாலை ஆங்கர்கேட் கட்டடத்துல இருக்கிற மெர்கன்டைல் மெரைன் அலுவலகத்துல போய்க் கேளுங்க. யானைக்கவுனி, ராயபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு அது பக்கத்துலதான்.

லட்சக் கணக்குல ரொக்கமா கேட்டாலோ, "விசிட் விசா போதும்"னு சொன்னாலோ அங்கேயே எழுந்து வந்துடுங்க.

மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி

ஒரு பேப்பர் எடுத்து நாலு விஷயம் எழுதுங்க. கிளம்புற தேதி, திரும்புற தேதி, மார்ச் 31-க்கு முன்னாடி எத்தனை நாள், பின்னாடி எத்தனை நாள். அடுத்து, இங்க வாங்கின சம்பளத்தையும் அங்க வாங்கப் போறதையும் கூட்டி ₹12,75,000-ஐத் தாண்டுதான்னு பாருங்க. மூணாவது, விடுப்பு கிடைக்குமா, இல்லைன்னா திரும்பி வந்து எத்தனை மாசம் சம்பளம் இல்லாம சமாளிப்பீங்க. நாலாவது, ஏஜென்டுக்கு ஒரு ரூபாய் கொடுத்தாலும் அதை செலவுப் பக்கம் எழுதுங்க.

இந்தக் கணக்கு போட்டப்புறமும் போகணும்னு தோணுச்சுன்னா, தாராளமா போங்க. இருபத்தஞ்சு வயசுல பனிமலையில ஒரு சீசன் வேலை பார்த்தது வாழ்நாள் முழுக்கப் பேச வரும். ஒரு சீசன்ல சம்பாதிக்கிறது குறைவா இருந்தாலும் பரவாயில்லைன்னு தெரிஞ்சே போறது ஒன்னு. லட்சம் லட்சமா சேர்த்துட்டு வருவோம்னு நம்பிப் போய், ஜூலை மாசம் ரிட்டர்ன் போடும்போது ₹75,660 கட்டணும்னு கேட்டு உட்கார்ந்துடுறது இன்னொன்னு.

விசா அப்ளை பண்ணிட்டு இருக்கிற நண்பர் யாராவது இருந்தா இதை அனுப்புங்க. நாள் எண்ணுற முறையையும் அட்வான்ஸ் டேக்ஸ் கட்டுற முறையையும் அடுத்த வீடியோவுல போர்ட்டல்லயே செஞ்சு காட்டுறேன்.